கழுத்து விலா எலும்பு நீக்கிய பின் தழும்பும் கைவலுவும்: 61 நாள் தடைக்காலம் போதுமா?

மண்டபம் வடகடல் | மே 30, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன் நான், வயது 34. ஏப்ரல் 19 அன்று மதுரையில் எனக்கு வலப்பக்கக் கழுத்து விலா எலும்பையும் (கழுத்தடியில் பிறவியிலேயே கூடுதலாக இருக்கும் விலா எலும்பு) அதற்குக் கீழிருந்த முதல் விலா எலும்பையும் அகற்றினார்கள். நோயின் பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே கைக்குச் செல்லும் நரம்புகள் நெரிபடுவது என்று மருத்துவர் விளக்கினார். மடி வலையைப் படகில் ஏற்றும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கயிற்றைப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிடும். பின்னர் கையைத் தொங்கவிட்டிருந்தாலும் மரக்கத் தொடங்கியது. கடைசியில் கட்டைவிரல் அடிச்சதை வற்றி, வலை சரிசெய்யும் ஊசியைக்கூடப் பிடிக்க முடியாத நிலை வந்தது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றே சொல்லி, கழுத்துப் பட்டையும் வலி மாத்திரையும் தந்துகொண்டிருந்தார்கள். அங்கே முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே படத்திலேயே அந்தக் கூடுதல் விலா எலும்பு தெரிவதை மதுரை மருத்துவர் விரல் வைத்துக் காட்டினார். அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு எப்படியும் கரையில்தான் நிற்கும் என்பதால், வருமானம் இல்லாத அந்த நாள்களிலேயே அறுவையை முடித்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். இப்போது ஆறு வாரம் ஆகிறது. காறை எலும்புக்கு இரண்டு விரல் மேலே, அதற்கு இணையாக ஏழு சென்டிமீட்டர் நீளத்தில் தழும்பு இருக்கிறது. நான்காம் வாரம் வரை மெல்லிய கோடாக இருந்த அது, இப்போது கயிறு போலத் தடித்து, கருஞ்சிவப்பாகி, மாலையானால் பிடுங்கி எடுப்பதுபோல் அரிக்கிறது. தழும்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்திருக்கிறது. விரல் மரப்பு பாதி குறைந்துவிட்டது; சதை மட்டும் அப்படியே வற்றிக் கிடக்கிறது.

ஜூன் 15 காலை கடலுக்குப் போக டோக்கன் போடுவார்கள். அன்று நான் படகு ஏறலாமா? இந்தத் தழும்பு இப்படியே வளருமா? இதே அறுவையைச் செய்துகொண்டவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

தொண்டிக்கரை | மே 30, இரவு 10.15

தம்பி, நலமாகத் தேறி வர வேண்டுகிறேன். இந்த அறுவையைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் என் மனைவிக்குப் பேறுகாலத்தில் வயிற்றில் செய்த அறுவைத் தழும்பு இதேபோல் தடித்தது. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினோம். கருவாடு, நண்டு, கோழி எல்லாவற்றையும் மூன்று மாதம் நிறுத்தினோம். தழும்பு ஓரளவு அடங்கியது. நீங்களும் முயன்று பார்க்கலாம்.

கீழக்கரை ஆசிரியை | மே 31, காலை 6.05

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் என் மூன்று ஆண்டுக் கதையை மீண்டும் படித்ததுபோல் இருந்தது. எனக்குக் கூடுதல் விலா எலும்பு இல்லை. இயல்பான முதல் விலா எலும்பும், கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்கேலின் தசையும் சேர்ந்து நரம்பை நெரித்தன. கரும்பலகையில் இரண்டு வரி எழுதி முடிப்பதற்குள் கை கனத்து, சாக்பீஸ் விரலிலிருந்து நழுவிவிடும். முதல் வரிசைப் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டார்கள். இரண்டு கைகளையும் தோளளவுக்கு உயர்த்தி, மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்கும்படி மருத்துவர் சொன்ன சோதனையில், ஒன்றரை நிமிடத்தில் என் வலக்கை தானாக இறங்கிவிட்டது.

எனக்கு அக்குள் வழியாக அறுவை செய்தார்கள். தழும்பு அக்குள் மடிப்போடு மடிப்பாக இருப்பதால் கையைத் தூக்கினாலொழிய யாருக்கும் தெரியாது. ஓராண்டில் வெளிறிய கோடாகிவிட்டது. ஆனால் தழும்பைவிட என்னை வருத்தியது மரப்புதான். குளிக்கும்போது மேற்கையின் உட்புறத்தில் தண்ணீர் ஊற்றினால் குளிர்ச்சியும் தெரியாது, ஈரமும் தெரியாது. வேறு யாருடைய கையையோ கழுவுவது போலிருக்கும். மூன்றாம் மாதம், சூடான இட்லிச் சட்டியின் விளிம்பு அந்த இடத்தில் பட்டது எனக்குத் தெரியவே இல்லை. கொப்புளம் கண்ட பிறகு என் மகள் பார்த்துச் சொன்னாள். அக்குள் வழியில் எலும்பை எடுக்கும்போது விலாவிலிருந்து கைக்குப் போகும் ஒரு சிறு தோல் நரம்பு இழுபடுவதோ அறுபடுவதோ உண்டு என்று பிறகு விளக்கினார்கள். முன்பே சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் நான் அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன். இப்போது மரப்பு பத்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீதி அப்படியே நிற்கும் என்றுதான் நினைக்கிறேன், அதனால் ஒரு வேலையும் கெடவில்லை.

முதல் இரண்டு வாரம் படுத்து உறங்க முடியவில்லை. முதுகுக்கு மூன்று தலையணை, முழங்கைக்கு அடியில் ஒன்று என்று சாய்ந்தே இருந்தேன். மூன்று பந்துக் கருவியில் மணிக்கொரு முறை மூச்சை இழுக்கச் சொன்னார்கள். வலிக்குப் பயந்து அதை விட்டுவிடாதீர்கள். பள்ளிக்குப் பத்தாம் வாரம் திரும்பினேன், ஆனால் பலகையில் தொடர்ந்து எழுத ஐந்து மாதம் ஆயிற்று. பலகையில் எழுதுவதற்கே ஐந்து மாதம் என்றால், மடி இழுப்பதற்கு 61 நாள் எப்படிப் போதும், தம்பி?

தொண்டிக்கரை அண்ணன் அன்போடு சொல்கிறார் என்பது தெரிகிறது. இருந்தாலும் உணவு விலக்கை மட்டும் நான் ஏற்க மாட்டேன். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். நம் கரையில் எளிதாகக் கிடைக்கும் மீனையும் முட்டையையும் அறுவை முடிந்த உடம்புக்கு மறுப்பது சரியன்று. ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் அந்தப் பொருளை விலக்கினால் போதும்.

ராமநாதபுரம் இயன்முறையாளர் | மே 31, இரவு 8.30

நான் பிசியோதெரபி செய்கிறவன். அறுவை மருத்துவன் அல்லன். கழுத்து விலா எலும்பு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுவது; அவர்களிலும் பெரும்பாலோர்க்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை. அதனால் படத்தில் தெரிந்தும் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. மண்டபம் நண்பருக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது, ஆனால் அரிதானதன்று.

தழும்பு இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. கழுத்து விலா எலும்பை அகற்றும் அறுவை 1861-லேயே லண்டனில் ஹோம்ஸ் கூட் என்பவரால் செய்யப்பட்டது. முதல் விலா எலும்பை அக்குள் வழியாக எடுக்கும் முறையை அமெரிக்காவின் டேவிட் ரூஸ் 1966-ல் எழுதிப் பரவச் செய்தார். அக்குள் வழியில் தழும்பு மறைந்துவிடும். ஆனால் ஆழமான குழிக்குள் பார்த்து வேலை செய்ய வேண்டும். காறை எலும்புக்கு மேலே திறந்தால் நரம்புப் பின்னல், தமனி, ஸ்கேலின் தசை, கழுத்து விலா எலும்பு அனைத்தும் நேராகத் தெரியும். அதற்கு விலையாகத் தழும்பு வெளியில் நிற்கும். காறை எலும்பைக் கடந்து இறங்கும் தோல் நரம்புகள் பாதிக்கப்பட்டு, மார்பின் மேற்பகுதி மரக்கும். உங்கள் உள்ளங்கை அளவு மரப்பு அதுதான். பெரும்பாலும் ஓராண்டில் சுருங்கும்.

இனித் தடிப்பு. ஆறாம் வாரத்தில் தடித்து, சிவந்து, அரிப்பது வெட்டுக் கோட்டின் எல்லைக்குள்ளேயே நின்றால் அதைத் தடித்த தழும்பு என்கிறோம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தானாகத் தணியக்கூடியது. கோட்டைத் தாண்டி நல்ல தோலின்மேல் பரவினால் அது கீலாய்டு. தானாக அடங்காது, வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, பெரும்பாலும் மீண்டும் வளரும். நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு, அதிலும் மார்பு, தோள் பகுதிகளில் கீலாய்டு வருவது அதிகம். உங்கள் குடும்பத்தில் காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்தவர்கள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

புண் முழுதாக மூடிவிட்டது என்றால் சிலிக்கோன் ஒட்டுத்தாளை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதம் ஒட்ட வேண்டும். விரல் நுனியால் தழும்பை அழுத்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் தேய்ப்பை நாளுக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம் செய்யலாம். தேங்காய் எண்ணெய் வழுக்கலுக்குப் பயன்படும்; குணமாக்குவது அந்த அழுத்தமும் நகர்த்தலுமே. வெயில் பட்டால் புதுத் தழும்பு நிரந்தரமாகக் கறுத்துவிடக்கூடும் என்பதால் கழுத்தைத் துணியால் மூடுங்கள். இவற்றால் அடங்காவிட்டால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தழும்புக்குள் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதனால் தோல் மெலிவதும் வெளிறுவதும் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். தழும்பில் எங்காவது ஊசி முனை அளவு திறப்பு இருந்தாலும் கடலில் இறங்கக்கூடாது. கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகளில் சில, திறந்த புண்ணின் வழியே நுழைந்து மிகக் கடுமையான தொற்றை உண்டாக்கும்.

படகு ஏறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளித்தழும்பு எப்படி உருவாகிறதோ அப்படியே உள்ளேயும், எலும்பு எடுத்த பள்ளத்தில், நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு உருவாகிக்கொண்டிருக்கிறது. நரம்பு அதில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கையை மெல்ல நீட்டி மடக்கும் நரம்புப் பயிற்சியை முதல் வாரங்களிலிருந்தே தருகிறோம். கரையில் நாம் பாரத்தைத் தூக்குகிறோம். கனமாக இருந்தால் கீழே வைத்துவிடலாம். படகிலோ கயிறுதான் நம்மை இழுக்கிறது. அலை ஏறும் நொடியில் வரும் அந்த வெட்டிழுப்பு, இன்னும் ஒட்டிப் பிடித்திருக்கும் நரம்பைச் சுண்டிவிடும். பொதுவாக மூன்று மாதம் முடியும்வரை கனமான வேலை வேண்டாம் என்பார்கள். உங்களுடையதைப் போன்ற தொழிலுக்கு நான்கு முதல் ஆறு மாதம் என்று நான் கணக்கிடுவேன். உங்கள் அறுவை மருத்துவரின் சொல்லே இறுதி.

மண்டபம் வடகடல் | ஜூன் 1, மாலை 5.20

அக்காவுக்கும் இயன்முறையாளர் ஐயாவுக்கும் மிகுந்த நன்றி. அம்மாவிடம் கேட்டேன். அவருடைய காது மடலில் இருக்கும் புளியங்கொட்டை அளவுக் கட்டி, கம்மலுக்காக இரண்டாம் முறை குத்தியபோது வந்தது என்றார். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கட்டியைப் பார்த்தே வளர்ந்திருக்கிறேன். என் கழுத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

சிலிக்கோன் தாளை ஒட்டினேன். வியர்வையில் இரண்டு மணி நேரத்தில் கழன்றுவிட்டது, சிறு கொப்புளங்களும் வந்துவிட்டன. கழுத்தில் சிறு வயது முதல் ஜெபமாலை அணிகிறேன். அதன் மணி தழும்பின்மேல் உரசுகிறது. படகு முதலாளி, "இழுக்க வேண்டாம், அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) நின்று கயிறு மட்டும் பிடி" என்கிறார். என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது என்ற அச்சமும் இருக்கிறது.

ராமநாதபுரம் இயன்முறையாளர் | ஜூன் 1, இரவு 9.10

தாளை நாளுக்கு இரண்டு முறை கழற்றி, மென்மையான சோப்பால் தாளையும் தோலையும் கழுவி, நன்கு உலர்ந்த பின் ஒட்டுங்கள். கொப்புளம் அடங்கும்வரை நிறுத்திவிட்டு, பகலில் சிலிக்கோன் களிம்பு, இரவில் மின்விசிறிக்கு அடியில் தாள் என்று மாற்றிக்கொள்ளலாம். ஜெபமாலையைச் சில மாதங்கள் சட்டைப் பையில் வையுங்கள். ஓயாத உரசல் தடிப்பைத் தூண்டும். அம்மாவின் காதுக் கட்டியைத் தோல் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஏர்வாடித் தெற்குத் தெரு | ஜூன் 2, அதிகாலை 4.50

நான் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு இந்த அறுவை இரண்டு முறை நடந்தது. முதல் அறுவை முடிந்து ஏழாம் வாரம் வல்லத்தில் (நாட்டுப்படகில்) நண்டு வலைக்குப் போனேன். நான்கு மாதம் நன்றாக இருந்தது. ஐந்தாம் மாதம் பழைய மரப்பும், அதோடு தோள்பட்டையில் எரிச்சலும் வந்தன. அவசரப்பட்டுப் போனதால்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பி என்னையே நொந்துகொண்டேன். பின்னர் வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது, முதல் விலா எலும்பின் பின்பகுதி நீளமாக விடப்பட்டிருந்ததும், அந்தத் துண்டோடு நரம்பு தழும்பால் ஒட்டியிருந்ததும் தெரிந்தன. பின்முனையைக் குட்டையாக வெட்டாமல் விட்டால் இப்படி ஆவதுண்டாம். முதல் அறுவை செய்த இடத்தில் வலி தொடர்கிறது என்று மூன்று முறை போய்ச் சொன்னேன். ஒருமுறைகூடப் படம் எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினமானது. தழும்பைப் பிரித்துப் பிரித்து உள்ளே போக வேண்டியிருந்ததால் ஐந்து மணி நேரம் ஆயிற்று. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு அயர்ந்து, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறியது. மூன்று மாதத்தில் சரியானது. இப்போது கை நூற்றுக்கு எண்பது பங்கு என் கை.

தம்பி, நீங்கள் ஜூன் 15 அன்று போவதும் போகாததும் உங்கள் முடிவு. ஆனால் மரப்பு ஒருமுறை குறைந்து மீண்டும் கூடினால், உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு மாதங்களைக் கடத்தாதீர்கள். படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேவிபட்டினம் தந்தை | ஜூன் 2, பகல் 1.30

என் மகனுக்கு வந்தது நரம்பு நெரிபடும் வகை அன்று, கையிலிருந்து இரத்தம் திரும்பும் சிரை நெரிபடும் வகை. வாலிபால் ஆடிவிட்டு வந்த மாலையில் வலக்கை நீலம் பாரித்து, தோள்வரை வீங்கிவிட்டது. இரத்தக்கட்டி என்று உடனே கண்டுபிடித்துக் கரைத்தார்கள். பிறகு எலும்பை எடுத்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டதால் தழும்பைச் சுற்றி ஒரு மாதம் கன்றியே இருந்தது. நாங்கள் பயந்தோம், தானாக மறைந்தது. கை வீங்கி நிறம் மாறினால் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்பதை மட்டும் இங்கே படிப்பவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கீழக்கரை ஆசிரியை | ஜூன் 2, இரவு 9.00

தம்பி, அணியத்தில் நின்று கயிறு மட்டும் பிடிப்பது என்று ஒரு வேலை படகில் இருக்க முடியுமா? பக்கத்தில் இருப்பவர் தடுமாறினால் உங்கள் கை தானாகப் போகும். முதலாளியிடம் மருத்துவரின் எழுத்தைக் காட்டி, இன்ன மாதம் வரை என்று தேதியோடு கேளுங்கள். தேதி இல்லாமல் ஓய்வு கேட்டால்தான் இடம் பறிபோகும். என் தலைமையாசிரியரிடம் நான் அப்படித்தான் கேட்டேன்.

வற்றிய கட்டைவிரல் சதை பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லையே. அதையும் சொல்லிவிட்டால் நல்லது.

ராமநாதபுரம் இயன்முறையாளர் | ஜூன் 3, காலை 7.15

கேட்டது நல்லதாயிற்று, அம்மா. எழுதத் தயங்கித்தான் விட்டிருந்தேன். அழிந்த நரம்பு இழை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். காறை எலும்பிலிருந்து கட்டைவிரல் அடிவரை எழுபது சென்டிமீட்டர் என்று வைத்தால் அது இரண்டு ஆண்டுப் பயணம். அதற்குள் தசை காத்திருக்காமல் நாராகிவிடும். ஆகவே வலியும் மரப்பும் நன்றாகக் குறையும், வற்றிய சதை முழுதாக மீள்வது அரிது, மேற்கொண்டு வற்றாமல் நிற்பதே இந்த அறுவையின் பெரும்பயன். அந்த விரலால் செய்யும் வேலையை மற்ற விரல்களுக்குப் பழக்க நிறைய வழிகள் உண்டு. தடிமனான பிடி சுற்றிய வலை ஊசி அவற்றில் ஒன்று. வரும்போது உங்கள் ஊசியை எடுத்து வாருங்கள், சுற்றித் தருகிறேன்.

மண்டபம் வடகடல் | ஜூன் 15, காலை 8.40

இன்று அதிகாலை படகுகள் போயின; நான் போகவில்லை. மருத்துவர் செப்டம்பர் முடியும்வரை என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்தார். முதலாளி அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, என் இடத்தில் என் மைத்துனனை ஏற்றிக்கொண்டார். படகுத்துறையில் நின்று பார்த்தபோது தொண்டை அடைத்தது. தோல் மருத்துவர், தழும்பு ஓரிடத்தில் மட்டும் கோட்டைத் தாண்டியிருப்பதாகச் சொல்லி முதல் ஊசியைப் போட்டிருக்கிறார். ஊசி போடும்போது வலி கடுமையாக இருந்தது. அரிப்பு மூன்றாம் நாளே குறைந்தது.

மண்டபம் வடகடல் | அக்டோபர் 9, இரவு 8.00

கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்காக எழுதுகிறேன். அக்டோபர் முதல் வாரம் படகு ஏறினேன். இப்போதைக்கு மீன் பிரிப்பது, ஐஸ் நிரப்புவது, சுக்கான் பிடிப்பது மட்டும். கயிற்றை மைத்துனன் பார்த்துக்கொள்கிறான். தழும்பின் இரண்டு முனைகளும் தட்டையாகிவிட்டன; நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் இன்னும் மேடாக, சுற்றியிருக்கும் தோலைவிட வெளிறி இருக்கிறது. மரத்த இடத்தின் ஓரத்தில், முகம் கழுவி வழியும் தண்ணீர் இப்போது தெரிகிறது. மோதிர விரல் சரியாகிவிட்டது. சுண்டு விரலின் நுனி இன்னும் சரியாகவில்லை. கட்டைவிரல் சதை ஐயா சொன்னபடியே இருக்கிறது. அவர் துணி சுற்றித் தந்த ஊசியால் நேற்று ஒரு பாகம் வலை சரிசெய்தேன். நான்காவது ஊசி தீபாவளிக்கு முந்திய வாரம்.